போறணைக்காரி

பஸீர் நானாவின் இருமலை வைத்தே எங்கள் வளைவில் நேரம் சொல்லிவிடலாம். காலை ஆறரைக்கு மா மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும்போது முதல் இருமல். பத்து மணிக்கு மேசையில் மாவை வெட்டி நிறுக்கும்போது இரண்டாவது. பகல் ஒரு மணிக்குப் போறணை அடுப்பின் வாயைத் திறந்து தணலை வாரும்போது வருவதை இருமல் என்று சொல்ல முடியாது. யாரோ தகரத்தைத் தார்ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதைக் கேட்டுப் பழகிப்போயிருந்தேன். கேட்காத நாளில்தான் தலையை நிமிர்த்திப் பார்ப்பேன்.

நான் பாலாமணி. மாத்தளையிலிருந்து வருகிற பாதையில் யட்டவத்த சந்தியைத் தாண்டி மூன்றாவது வளைவில் எனக்குத் தையல்கடை. நேர் எதிரே பஸீர் நானாவின் பேக்கரி. என் மெசின் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. ஜன்னல் பேக்கரியைப் பார்த்து இருக்கிறது. ஆகவே அந்த வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கண்ணும் காதும் இருக்கிறவளுக்குத் தெரியத்தான் செய்யும்.

பேக்கரிக்குப் பின்னால் ஒட்டினாற்போல வீடு. நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு கதவு. போறணையைக் கட்டியவர் பஸீர் நானாவின் வாப்பா. செங்கல்லும் களிமண்ணும் சேர்த்து, உள்ளே ஒரு ஆள் குனிந்து நிற்கக்கூடிய அளவுக்குப் பெரிய போறணை. றப்பர் விறகை உள்ளேயே எரித்து, தணலை வாரி வெளியே எடுத்து, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே பாண் ரொட்டியை வேகவைப்பார்கள். வாப்பாவும் இதே மாதிரி இருமி இருமித்தான் மௌத்தானார். அப்போது எல்லாரும் பீடியைக் குற்றம் சொன்னார்கள். பஸீர் நானா பீடியைக் கையால்கூடத் தொட்டதில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையோடு இருமல் கூடிப்போய், மாத்தளையில் ஒரு டொக்டரிடம் காட்டினார்கள். அவர் பீடியைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். என்ன தொழில் என்று கேட்டாராம். கோதுமை மாவின் தூசு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது, இனி மாவுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற மருந்தும் கொடுத்து அனுப்பினார். நாற்பத்தெட்டு வயது மனுஷனிடம், அதுவும் பத்து வயதிலிருந்து மாவில் கிடக்கிறவனிடம் இதைச் சொன்னால் அவன் எங்கே போவான். முன்பக்கக் கடையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார்.

உள்ளே வேலை பார்க்க ஆள் வேண்டுமே. பேக்கரியில் போறணை வாயில் நின்று, எப்போது பாணை உள்ளே விடுவது, எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கிறவரை பாஸ் என்பார்கள். நாலந்தாப் பக்கமிருந்து ஒரு பாஸ் வந்தான். இரண்டு கிழமை அடிப்பக்கம் கரியும் நடுவில் களியுமாகப் பாண் போட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை போனவன்தான். இன்னொருவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவேயில்லை. மா பிசைகிற செல்லையா முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார். ஆனால் அவர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

"பெசையச் சொல்லுங்க, பெசையிறேன். போறணை வாய் எனக்குத் தெரியாதுங்க. தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி செஞ்சு மொதலாளி பேர கெடுக்க மாட்டேன்."

அன்றைக்குத்தான் மபாஸா அந்த நடுக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மபாஸா பஸீர் நானாவின் மனைவி. மகள் ஜெஸ்லாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது வீடு கட்டுவதற்காகக் குவைத்துக்குப் போனாள். ஏழு வருஷம். பிள்ளை பார்க்கிற வேலை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஏழு வருஷமும் ஜெஸ்லாவின் பள்ளிக்கூட உடுப்பை அளவெடுத்துத் தைத்தவள் நான். இப்போது அந்தப் பிள்ளையையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வீடு கட்டி முடித்து மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மபாஸா வேறெங்கும் போகவில்லை. அதிகம் பேசமாட்டாள், ஆனால் கை சும்மா இருக்காது.

எங்கள் பக்கத்துப் பேக்கரிகளில் பெண்கள் முன்பக்கத்தில் நின்று பாணைச் சுற்றிக் கொடுப்பார்கள். போறணைப் பக்கம் போகமாட்டார்கள். அங்கே ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்று மேலோடு நிற்பார்கள், சூடு அப்படி. மபாஸா உள்ளே போனதும் செல்லையா ஓடிப்போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினாராம். முப்பது வருஷத்துக்குப் பிறகு சட்டை போட்டுக்கொண்டு மா பிசைகிறேன் என்று அன்று பின்னேரம் என்னிடம் வந்து புலம்பினார். வியர்த்துக் கொட்டி நனைந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது.

"தங்கச்சி போறணைக்குள்ள ஒரு பிடி மாவ எறிஞ்சாங்க. அது செவக்குற வரைக்கும் எண்ணுனாங்க. பதினெட்டுலேயே செவந்திருச்சு, சூடு கூட, இன்னும் கொஞ்சம் ஆறட்டும்னாங்க. மொதலாளிகூட அப்படி பாத்ததில்லீங்க. கைய நீட்டித்தான் பாப்பாரு."

அன்று வந்த பாணை நானும் சாப்பிட்டேன். பருப்புக்கறியோடு வைத்துக் கடித்தால் மேல் ஓடு சத்தம் போட்டது. உள்ளே பஞ்சு. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் போறணைப் பாண்தான் சாப்பிடுகிறேன், அப்படி ஒரு பாண் சாப்பிட்டதில்லை. அதைச் சொன்னால் பஸீர் நானாவுக்கு மனம் நோகுமென்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஆனால் அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டாள் என்று அவருக்கு ஒரே பெருமை. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சில பேர் மட்டும், ஓடு கடினம், கட்டின பல்லுக்கு ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டு வாங்கிப்போனார்கள். மறுநாளும் வாங்கத்தான் வந்தார்கள்.

இப்படியே கார்த்திகை கடந்தது. மார்கழியில் ஒரு காலை, மபாஸாவுக்கும் செல்லையாவுக்கும் தைத்த மேலங்கிகளைக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து மக்கீன் ஹாஜியாரும் வந்தார். அவர் பஸீர் நானாவின் கூடப்பிறந்த நானா, அதாவது அண்ணன். மாத்தளையில் இரும்புச் சாமான் கடை, பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். கொஞ்சம் அதட்டலான மனுஷன். ஆனால் தம்பிக்கு மூச்சிரைக்கிறது என்று கேள்விப்பட்டதும் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து பார்க்கிறவர். தம்பியிடம் சுகம் விசாரித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

செல்லையா பிசைந்த மாவை மபாஸா தொட்டியில் ஒன்றாகத் திரட்டி முடித்திருந்தாள். பிஸ்மில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னாள். உள்ளங்கையின் ஓரத்தால் மாவின் மேல் ஆழமாக ஒரு கோடு அழுத்தினாள். அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. பிறகு ஈரத்துணியை எடுத்தாள்.

மக்கீன் ஹாஜியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன மபாஸா?"

"மா எழும்புறதுக்கு வச்ச அடையாளம் மச்சான். கோடு ரெண்டும் நெறஞ்சு மறஞ்சிருச்சின்னா வெட்ட எடுக்கலாம்."

"அது சரி. என்ன அடையாளம்னு நீயே கொஞ்சம் பாரு."

அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதுவரை எனக்கும் தோன்றவில்லை; அவர் சொன்ன பிறகு வேறு எதுவாகவும் தெரியவில்லை. மாவின் நடுவில் பளிச்சென்று ஒரு சிலுவை கிடந்தது. மபாஸாவின் முகம் வெளிறிப்போனது. அவள் சத்தியமாக அதை அப்படிப் பார்த்ததே இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவளுக்கு அது கடிகாரம், அவ்வளவுதான். அவசர அவசரமாக உள்ளங்கையால் கோடுகளைத் தடவி அழித்தாள்.

"கைப்பழக்கம் மச்சான். தெரியாமப் போச்சு."

மக்கீன் ஹாஜியார் சத்தம் போடவில்லை. நம் வீட்டு விஷயம் நமக்குத் தெரியும், பார்க்கிறவன் வாயை மூட முடியுமா, வேறு ஏதாவது அடையாளம் வைத்துக்கொள் என்று சொன்னார். அவள் மூன்று விரலை மாவுக்குள் விட்டுக் குழி போட்டுக் காட்டினாள். குழி மூடினாலும் அதே கணக்குத்தான். அவருக்கு அது போதும். ஐந்து நிமிஷத்தில் அவரளவில் காரியம் முடிந்தது. ஊர் மட்டும் ஒரு கிழமைக்கு அதை வைத்துக்கொண்டு பேசியது. போறணைக்குப் போவதற்கு முன்பே மறைந்துவிடுகிற கோட்டைத் தேடி, வெந்த பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காணவில்லை என்றதும் அதுவும் அடங்கிப்போனது.

ஆனால் பஸீர் நானா அன்றைக்கு வாசலில் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. மபாஸாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கக் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தால் தொட்டிக்குள் தெரியாது. மாத்தளை முழுக்க எந்தப் பேக்கரியிலும் மாவில் கோடு போடுகிற வழக்கம் இல்லை. அவர் வாப்பா போட்டதில்லை, அவர் போட்டதில்லை. அப்படியிருக்க அவரைப் பார்த்துப் பழகிய கைக்கு அது எப்படி வந்தது. பேக்கரிக்காரன் அல்லவா, மற்றவர்கள் சிலுவையைப் பார்த்த இடத்தில் அவர் பழக்கத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. கடைக்கதிரையை விட்டு எழுந்து வந்து என் கடையில் உட்கார்ந்துகொண்டார். இங்கே காற்று நல்லது என்றார். தையல்கடையில் நூலும் பஞ்சும் பறக்கிறது, இதில் என்ன நல்ல காற்று என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் பகல் மபாஸா ஒரு கோப்பை பால் விடாத பிளேன்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். அவருக்கு முன்னால் வைத்தாள். பிறகு என் வெட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் மெசினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு வெட்டுத் துண்டை எடுத்து மேலும் கீழும் தைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஏழு வருஷம் புள்ள பாக்குறேன்னு சொன்ன."

"மொத ரெண்டு மாசம் புள்ளதான் பாத்தேன்."

"அதுக்குப் பொறகு?"

"பாண் போட்டேன்."

பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் போன வீட்டின் எஜமானி ஸ்பெயின் தேசத்துக்காரி. பெயர் ரெமெடியோஸ். வடக்கே மலைப்பக்கத்து ஊர். எங்கள் ஊரைப் போலவே விடாமல் மழை பெய்யுமாம். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு போறணையைக் கட்டிவைத்து அங்கிருக்கிற வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கெல்லாம் பாண் போட்டுக் கொடுத்தாள். கூட நின்றவள் ஊருக்குப் போய்விடவே மபாஸாவைக் கூப்பிட்டாள். ஆளுக்கு ஆள் பாஷை தெரியாது. அவள் தொட்டியைக் காட்டி பான் என்றாள். போறணையைக் காட்டி அவள் ஊர்ப் பேச்சில் ஃபோர்னோ என்றாள். நம் சொற்களை யாரோ களவெடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்திருந்த மாதிரி இருந்தது என்று மபாஸா சொன்னபோது, அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ரெமெடியோஸின் உம்மாவும் பெரியம்மாவும் பாண் போட்டவர்கள். அந்த ஊரில் போறணை பெண்கள் கையில். விடியலில் எடுத்த பாணைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி ஊர் ஊராகப் போய் விற்பார்களாம். ஆம்பிளையை நம்பிப் போறணையை விட்டால் பொறுமையில்லாமல் நேரத்துக்கு முன்னமே கதவைத் திறந்துவிடுவான் என்று கேலி செய்வாளாம். மாவைத் திரட்டி முடித்ததும் இரண்டு கோடு போட்டு அவள் தன் சாமிக்கு ஒரு சொல் சொல்லுவாள். அதே கோட்டைப் போட்டு மபாஸா பிஸ்மில்லாஹ் சொல்லுவாள். பாண் தவறிக் கீழே விழுந்தால் ரெமெடியோஸ் எடுத்து முத்தமிட்டு வைப்பாள். விழுந்த ரிஸ்கை, அல்லாஹ் தந்த சாப்பாட்டை, எடுத்து முத்தமிடுகிற பழக்கம் மபாஸாவுக்கும் உண்டு. அதிலிருந்துதான் இருவரும் சிநேகிதமானார்கள்.

"எங்கட ஊர்ல பொம்பளைங்க போறணைப் பக்கம் போகமாட்டாங்கன்னு ஒரு நாள் சொன்னேன். அப்ப ஒங்கட ஊர்ப் பொம்பளைங்க என்ன செய்வாங்கன்னு கேட்டா. வெளிநாட்டுக்குப் போவாங்கன்னு சொன்னேன். அவ சிரிக்கல்ல. எங்கட ஊர்ல ஆம்பளைங்கதான் கப்பல் ஏறிப் போனாங்க, பொம்பளைங்க இருந்து பாண் போட்டாங்கன்னு சொன்னா."

பஸீர் நானா பிளேன்டியைத் தொடவில்லை.

"மாரி மழையில மா எழும்பல்லன்னு நான் ஒனக்கு போன் எடுத்துச் சொன்னேனே. முந்தின நாளே கொஞ்சம் மாவக் கரைச்சு புளிக்க வச்சுட்டு, மத்த நாள் அதையும் சேத்துப் பெசைங்கன்னு சொன்ன. அது யார்ட யோசன?"

"அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

"நான் அத என்ட மூளைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பேக்கரிக்காரனுக்குப் பாடமே எடுத்தேன்."

"நீங்க சந்தோசமா சொன்னீங்க. அதுவே எனக்குப் போதும்னு இருந்திச்சு."

"ஏன் என்கிட்ட மறச்ச மபாஸா?"

என் மெசினுக்குத் தைக்க இடமில்லாமல் அந்தத் துண்டு முழுக்கத் தையலாகிப் போயிருந்தது.

"போய் மூணாவது மாசம் நீங்க போன்ல ஒரு சொல் சொன்னீங்க. நான் இங்க மாவுல கெடந்து சாகுறேன், நீயாவது நெழல்ல இருன்னு. அன்னைக்கித்தான் நானும் மாவுல எறங்கின மொத நாள். அத எப்படிச் சொல்ற? நாளைக்கி சொல்லுவோம், நாளைக்கி சொல்லுவோம்னு ஏழு வருஷம் போயிருச்சு."

அவர் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப ஒனக்கு இருமல் வரல்லயா?"

"இல்ல. வாய மூக்க துணியால கட்டாம அவ உள்ள விடமாட்டா. மூட்டையையும் மேல இருந்து கொட்ட விடமாட்டா, தூசு கெளம்பும்னு."

"என்கிட்ட யாரும் சொல்லல்லயே."

"நான் சொன்னேன். ரெண்டு மூணு தரம் போன்ல சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் ஆறிப்போன பிளேன்டியை எடுத்துக் குடித்தார். நூல் தீர்ந்துபோனதாகப் பாவனை செய்து பின்பக்கம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். முன்பைவிடக் கூடவே பேசினார்கள் என்று செல்லையா சொன்னார். பஸீர் நானா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கேள்வி கேட்பாராம், அவள் உள்ளேயிருந்து பதில் சொல்லுவாளாம். அப்படி ஒரு மாதம் போயிருக்கும். தை மாதம் ஒரு பகல், வீட்டுக்குள் தொழுதுகொண்டிருந்தவர் பாயிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். முகம் நீலம் பாய்ந்திருந்தது. செல்லையாவும் நானும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனோம்.

இந்தத் தடவை டொக்டர் மபாஸாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். மாவுக்குப் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் மட்டும் போதாது. நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு இருக்கிற வீட்டில் தூசு வராமல் எங்கே போகும். போர்வையில் இருக்கும், குர்ஆன் வைக்கிற தட்டில் இருக்கும், அவள் உடுப்பில் இருக்கும். ஒன்றில் இந்த மனுஷன் அங்கே குடியிருக்கக்கூடாது, இல்லையென்றால் அங்கே பாண் போடக்கூடாது.

மூச்சுக்கு மருந்து பிடித்து மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே மக்கீன் ஹாஜியார் வந்தார். அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. வாப்பாவை இந்த இருமலோடு கபுறுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான், தம்பியையும் தூக்க என்னால் ஏலாது என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. போறணையை இடித்துவிட்டு அந்த இடத்தைத் தளக்கல் கடைக்காரர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தால் இருவரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வழியும் சொன்னார்.

மபாஸா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போறணை என்ன, மனுஷனைவிடவா பெரிது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், பகல் விட்டது விட்டபடி எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. கொஞ்சமாவது அழுதிருக்கலாம்.

பெரிய போறணையை அணைத்தால் ஒரே நாளில் ஆறிவிடாது. முதல் நாள் கிட்டப் போனால் முகத்தில் அடிக்கிற அளவுக்குச் சூடு இருந்தது. இரண்டாம் நாள் வெதுவெதுப்பு. மபாஸா வீட்டையும் பேக்கரியையும் கழுவிக் கழுவித் தள்ளினாள். சுவரெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். பஸீர் நானாவுக்கு இருமல் குறைந்தது, அதுவும் உண்மை. மூன்றாம் நாள் இரவு ஒரு தடவைகூட எழும்பவில்லையாம். ஊர்க்காரர்கள் சந்திக்குப் போய் வேறு பேக்கரிப் பாண் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நானும் வாங்கினேன். சாப்பிட மனமில்லாமல் கோழிக்குப் போட்டேன்.

நான்காம் நாள் காலை மபாஸா என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்திருந்தாள். அந்தக் கைகள் சும்மா இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லக்கா. அவரு நல்லா தூங்குறாரு. அதுதானே வேணும்."

அது உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலைக் கேட்டபோது, கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறவள் பேசுகிற மாதிரி எனக்குப் பட்டது.

அந்த நேரம்தான் மக்கீன் ஹாஜியார் தளக்கல் கடைக்காரரோடு காரில் வந்து இறங்கினார். இடத்தை அளந்து பார்க்க நாடாவும் கொண்டுவந்திருந்தார்கள். மபாஸா எழுந்து ரோட்டைக் கடந்தாள்; நானும் பின்னால் போனேன். வீட்டுக் கதவு திறந்தது. பஸீர் நானா வெள்ளைச் சாரமும் கையில்லாத சுவெட்டருமாக வெளியே வந்தார். தோளில் ஒரு பயணப் பை. மபாஸா குவைத்திலிருந்து கொண்டுவந்த பை அது.

"நானா, இந்த மனுசனுக்கு ஒரு டீயக் குடுத்து அனுப்புங்க. எடம் வாடகைக்கு இல்ல."

மக்கீன் ஹாஜியாருக்கு முதலில் விளங்கவில்லை. பைத்தியமா உனக்கு, டொக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா என்றார்.

"மறக்கல்ல. ரெண்டுல ஒண்டுன்னுதானே சொன்னாரு. நாவுலையில றிஸ்மியா வீட்டுக்குப் போறேன். காஞ்ச காத்து, நெஞ்சுக்கு நல்லது. அவட புருஷன்ட கடை முன்பக்கம் சும்மாதான் கெடக்குது. வெந்த பாண் எனக்கு ஒண்டும் செய்யாது, மாவுதான் ஆகாது. ரெண்டு பஸ் கண்டக்டர்கிட்டயும் பேசிட்டேன். மபாஸா பாண் போட்டு பஸ்ஸுல ஏத்தினா நான் அங்க எடுத்து விப்பேன்."

றிஸ்மியா அவருடைய தங்கச்சி. நாவுலைக்கு இங்கிருந்து மாத்தளை போய் இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். தினமும் வந்துபோகிற தூரமில்லை. வந்தாலும் இந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. மபாஸாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு இது வேணாம். போறணை வேணும்னு நான் கேட்டேனா? வீட்டுக்குள்ள போங்க."

"நீ கேக்கல்ல. நாலு நாளா நீ எதையுமே கேக்கல்ல. அதுதான் எனக்கு ஏலாமப் போச்சு."

"வயசு போற காலத்துல ஆளுக்கொரு பக்கமா இருக்கிறதா?"

"ஏழு வருஷம் நீ போன, நான் இருந்தேன். இப்ப நான் போறேன். நீ இரு."

"நான் போனது இந்த வீட்டுக்காக."

"நானும் அதுக்குத்தான் போறேன்."

மபாஸா அழுதாள். தண்ணீர் ஊற்றி அணைத்த அன்று வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மக்கீன் ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தம்பியின் தோளிலிருந்து பையை வாங்கிக் காரில் வைக்கப் போனார். பஸ்ஸில் போவதே எனக்கு நல்லது, எந்த பஸ், எத்தனை மணி என்று பழக வேண்டும் என்று பஸீர் நானா மறுத்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தளக்கல் கடைக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

மபாஸா முந்தானையை எடுத்துத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சந்தி வரைக்கும் வருகிறேன் என்று கிளம்பினாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"என்ன ஏத்தி விடுறதுக்கு நீ வரவேணாம். போறணைய அணச்சு நாலு நாள். இப்ப பத்தவச்சாத்தான் நாளைக்கி பாண் விட ஏலும். செல்லையா, விறகு எடுங்க. வாயக் கட்டிட்டு உள்ள போங்க, ரெண்டு பேரும்."

செல்லையா ஓடினார். மபாஸா முந்தானை ஓரத்தை இழுத்து வாயையும் மூக்கையும் கட்டினாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

நான்தான் அவரோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். வளைவு ஏற்றம்; மூன்று இடத்தில் நின்று நின்று நடந்தார். ஒரு இடத்தில் நின்றபோது, முதல் ஒரு மாதத்துக்குப் பாண் கொஞ்சம் சரியில்லாமல் வந்தாலும் வாங்குங்க, ஆறின போறணை பழைய பதத்துக்கு வர நாளெடுக்கும் என்று சொன்னார். வாங்குவேன் என்றேன். பஸ் வந்தது. இடது பக்கம் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. அங்கிருந்து எங்கள் வளைவு நன்றாகத் தெரியும்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. கண்டக்டர் இறங்கி நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போது கீழே பேக்கரிக் கூரைக்கு மேலே புகை கிளம்பியது. முதலில் நூல் மாதிரி, பிறகு கறுப்பாக, கொத்தாக. ஆறிப்போன போறணையில் ஈர விறகைப் போட்டால் அப்படித்தான் புகையும். காற்று மேட்டுப் பக்கம் அடித்தது. பஸீர் நானா அதைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே இருமலும் வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு புகையையே பார்த்தபடி போனார்.